ஐசியூவில் அப்பாவுக்கு 39.2 காய்ச்சல், வைத்திருந்த ஐஸை ஏன் எடுத்துவிட்டார்கள்?

வெள்ளவத்தைக் கடற்காற்று

வணக்கம். மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள், மூன்று நாளாக ஒழுங்கான நித்திரை இல்லை, எழுதுவதும் கோர்வையாக வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. போன செவ்வாய்க்கிழமை நியூமோனியா என்று கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் (பெயர் வேண்டாம்). புதன் விடிவதற்குள் பிரஷர் விழுந்து, ஐசியூவுக்கு மாற்றி, வென்டிலேட்டர் போட்டு, பிரஷரை ஏற்ற நோர்அட்ரினலின் ஓடவிட்டு, நல்ல மயக்கத்தில் வைத்துவிட்டார்கள். அன்று பின்னேரம் பார்க்கப் போனேன். இரண்டு கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸ் பைகள், முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஒரு மெத்தை. மொனிட்டரில் 37.1. அந்த ஒரு நம்பரைப் பார்த்துத்தான் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை போனால் ஐஸ் இல்லை. மெத்தையையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மொனிட்டரில் 39.2! மயக்க மருந்தைக் குறைத்திருக்கிறோம் என்றார்கள், அப்பா லேசாகக் கண்ணைத் திறந்தார், கை கொஞ்சம் நடுங்கினது மாதிரியும் இருந்தது. ஐஸ் எங்கே என்று கேட்டேன். "இனித் தேவையில்லை, டொக்டர் எடுக்கச் சொன்னார்" என்றுவிட்டு தாதி மிஸ் அடுத்த கட்டிலுக்கு ஓடிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அன்று மூச்சுவிட நேரமில்லை. ஆனால் எனக்கு யாரும் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை.

டொரன்டோவில் இருக்கிற அண்ணா வட்ஸ்அப்பில் கத்துகிறார். காசு கட்டித்தானே வைத்திருக்கிறோம், ஏன் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், நீயே ஐஸ் வாங்கிக்கொண்டு போ என்கிறார். அம்மா இன்னொரு பக்கம், ஓடிக்கொலோன் நனைத்த லேஞ்சியை நெற்றியில் போடவேண்டும், அப்பாவின் கால் சில்லென்று இருக்கிறது, சொக்ஸ் போடவேண்டும் என்று நிற்கிறார். 39 காய்ச்சல்காரருக்குச் சொக்ஸா என்று அண்ணா அதற்கும் அம்மாவை ஏசினார். நான் நடுவில்.

உண்மையில் கேட்க வந்தது இதுதான்: புதன்கிழமை தேவைப்பட்ட குளிர்ச்சி வெள்ளிக்கிழமை எப்படித் தேவையில்லாமல் போகும்?

இரவு டியூட்டி

தங்கச்சி, ஐசியூவில் 14 வருடம் தாதியாக வேலை செய்தவள் நான். அப்பாவைக் கண்ணால் பார்க்காமல் அவருடைய விஷயத்தில் முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது 39.2 இல்லை, "கை கொஞ்சம் நடுங்கினது மாதிரி" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதுதான்.

நல்ல மயக்கத்தில் இருக்கிற ஆளுக்கு ஐஸ் வைத்தால் உடம்பு எதிர்க்காது, சூடு இறங்கும். மயக்கத்தைக் குறைத்தவுடன் அதே ஐஸ் நடுக்கத்தைக் கொண்டுவரும். நடுங்குவது என்றால் உடம்பில் இருக்கிற தசை எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது, ஒக்சிஜன் செலவு இரண்டு மடங்குக்கு மேலேயும் போகலாம். நெஞ்சில் சளி கட்டி, மெஷினில் மூச்சு விடுகிற 68 வயது ஆளுக்கு அதைவிடப் பெரிய சுமை வேறு என்ன வேண்டும்? சூட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் போய், நடுக்கத்தில் அதைப்போல இரண்டு மடங்கைத் தொலைத்த கதையாகிவிடும்.

ஊரில் குலைப்பன் காய்ச்சல் என்று கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஐசியூவில் அந்த அளவுக்குப் போகும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம், கண்ணுக்குத் தெரியாத அதிர்வு கைக்குத் தெரியும். தாடை இறுகும். ஈசிஜி கோடு புல் முளைத்த மாதிரி மெல்லிசாகச் சிலிர்க்கும். அதற்கு 0 முதல் 3 வரை மார்க் போடுகிற ஒரு அளவுகூட இருக்கிறது. 1 வந்தாலே யோசிக்கத் தொடங்குவோம்.

நீங்கள் தனியாக ஐஸ் கொண்டுபோகவே வேண்டாம். நோர்அட்ரினலின் ஓடுகிறவர்களுக்குத் தோலில் இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எந்த இடம் என்று சொல்லமாட்டேன், கையுறைக்குள் தண்ணீர் நிரப்பி உறையவைத்து அப்படியே இடுப்புப் பக்கம் வைத்துவிட்டு மறந்துபோனார்கள், அடுத்த ஷிஃப்டில் பார்த்தால் தோல் வெள்ளையாகி, பிறகு கொப்புளம். வைத்தது நான் இல்லை, ஆனால் எடுத்தது நான்தான், அந்த இடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு துணி சுற்றாமல் ஐஸைத் தொட்டதில்லை, மெத்தை போட்டாலும் முதுகைத் திருப்பித் தோலைப் பார்க்காமல் விட்டதில்லை.

ஓடிக்கொலோன் கண்டிப்பாக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் வீடுகளில் எல்லாம் சின்ன வயதில் அதுதான் மருந்து, அந்த வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் அம்மம்மா ஞாபகம் வரும், ஆனால் அதில் இருப்பது அல்கஹோல். ஆவியாகப் பறக்கும், தீப்பற்றும், ஒக்சிஜன் ஓடுகிற கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. குழந்தைகளுக்கு ஸ்பிரிட் தடவித் துடைப்பதும் அப்படித்தான், தோலாலும் மூச்சாலும் உள்ளே போய் ஆபத்தாகும்.

அரைத்தூக்க டொக்டர்

இரவு டியூட்டி அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். மயக்க மருந்து, ஐசியூ இரண்டும்தான் என் வேலை, ஆனால் இதை ஆலோசனையாக எடுக்காமல் உங்கள் டொக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள வாசியுங்கள்.

காய்ச்சலும் வெயிலில் சூடேறுவதும் பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், உள்ளே வேறு வேறு. கிருமி வந்தால் மூளையில் ஹைப்போதலமஸ் என்கிற இடத்தில் புரொஸ்டாகிளாண்டின் ஈ2 கூடி, 37 என்று இருந்த இலக்கை 39.5 என்று உயர்த்திவைத்துவிடும். அதற்குப் பிறகு உடம்பு 39.5ஐத்தான் சரியான சூடு என்று நினைக்கிறது. பனடோல் (பரசிட்டமோல்) அந்த இலக்கையே இறக்கப் பார்க்கும். ஐஸ் இலக்கைத் தொடாது, தோலை மட்டும் குளிராக்கும். உடம்பு உடனே "எனக்குக் குளிர்கிறது" என்று தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், நடுங்கும், மயிர் குத்திட்டு நிற்கும். ஆகவே முழித்திருக்கும் காய்ச்சல்காரருக்கு ஐஸ் வைப்பது அவருடைய மூளையோடு கயிறு இழுப்பது மாதிரி. வெயிலில் ஓடி விழுந்தவருடைய கதை வேறு, அங்கே இலக்கு உயரவில்லை, சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது, பனடோல் ஒன்றும் செய்யாது, ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக இறக்கவேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "காய்ச்சல் என்றால் ஐஸ்" என்று எல்லோருக்கும் தோன்றுகிறது.

சரி, அப்படியானால் புதன்கிழமை ஏன் வைத்தார்கள்? பிரான்சில் 7 ஐசியூக்களில் 200 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. எல்லோரும் செப்டிக் ஷொக் (கிருமித் தொற்றால் பிரஷர் விழுந்த நிலை), எல்லோரும் வென்டிலேட்டரில், மயக்கத்தில், பிரஷர் மருந்தில். அதாவது புதன்கிழமை அப்பா இருந்த அதே நிலை. பாதிப்பேரை வெளியில் இருந்து குளிரவைத்து 36.5க்கும் 37க்கும் இடையில் 48 மணித்தியாலம் வைத்திருந்தார்கள். 12 மணித்தியாலத்தில் பிரஷர் மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தவர்கள் குளிரவைத்த பக்கம் 54 சதவீதம், மற்றப் பக்கம் 20. 14 நாளில் இறப்பு குளிரவைத்த பக்கம் 19 சதவீதம், மற்றப் பக்கம் 34. கேட்க அபாரமாக இருக்கும், ஆனால் அவர்கள் முக்கியமாக அளக்க நினைத்த 48ஆவது மணித்தியாலத்தில் பிரஷர் மருந்து விஷயத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை, ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது இறப்பு வித்தியாசமும் கரைந்துவிட்டது. என் கணிப்பு: ஷொக்கின் முதல் ஓரிரு நாள், பிரஷர் கைக்குள் அடங்காதபோது, ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இது ஒரு நியாயமான உதவி. ஒரு பாகை சூடு கூடினால் உடம்பின் செலவு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், அந்தச் செலவைத் தாங்கமுடியாதவருக்கு நாங்கள் கொஞ்ச நேரம் கைகொடுக்கிறோம். மயக்கத்தைக் குறைக்கிறார்கள் என்றால் பிரஷர் மருந்தும் குறைந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைக் கேட்டுப் பாருங்கள்.

மற்றவர்களுக்குக் காய்ச்சலைக் கட்டாயம் இறக்கவேண்டுமா என்றால், ஆதாரம் அந்தப் பக்கம் இல்லை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் 700 பேருக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரு கிராம் பரசிட்டமோலை நரம்பு வழியாகவோ வெறும் திரவத்தையோ கொடுத்துப் பார்த்தார்கள், 2015இல் வந்தது. 90 நாளில் இறப்பில் வித்தியாசமே இல்லை. கொடுத்ததால் கெடுதலும் இல்லை, கொடுக்காததால் நட்டமும் இல்லை. (நரம்பு வழியாகக் கொடுக்கும்போது சிலருக்குப் பிரஷர் இறங்கும், அதனால் ஐசியூவில் "பனடோல்தானே" என்று கையை வீசிக் கொடுப்பதில்லை.) 2005இல் விபத்தில் காயப்பட்டவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில் காய்ச்சலைத் துரத்தித் துரத்தி இறக்கிய பக்கம் 7 பேரும், 40 வரை விட்டுவைத்த பக்கம் ஒருவரும் இறந்ததால், 82 பேரோடு இடையிலேயே நிறுத்தினார்கள். 82 பேரை வைத்து அறுதியாக எதுவும் சொல்லமுடியாது, ஆனால் அதைப் படித்த பிறகு நம்பரைப் பார்த்து ஐஸைத் தேடுகிற கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

எனக்குப் பிடித்த கதை பல்லியுடையது. 1970களில் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமி ஏற்றி வெவ்வேறு சூட்டில் வைத்தார்கள். பல்லிக்குச் சொந்தமாகச் சூடு உண்டாக்கத் தெரியாது, சூடான இடத்துக்குப் போய்ப் படுத்துத்தான் காய்ச்சலை வரவழைக்கும். 40, 42இல் வைத்தவை பிழைத்தது கூட, 34, 36இல் வைத்தவை செத்தது கூட. மனிதன் பல்லி இல்லை என்பது தெரியும்.

இன்னொன்று, அந்த 39.2 எங்கே அளந்தது என்று கேளுங்கள். சிறுநீர்க் குழாயிலோ உணவுக்குழாயிலோ சென்சர் இருந்தால் அது உள்சூடு. கமக்கட்டில் வைத்தது அதைவிடக் குறைத்துக் காட்டும், ஐஸ் பை வைத்திருந்த கமக்கட்டில் அளந்தால் கேட்கவே வேண்டாம். புதன்கிழமை நம்பரும் வெள்ளிக்கிழமை நம்பரும் ஒரே இடத்து நம்பரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஏசி பாஸ்

நான் டொக்டர் இல்லை, கட்டடங்களுக்கு ஏசி போடுகிற மெக்கானிக்கல் எஞ்சினியர், வெப்பக் கணக்கு என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கமுடியாத வியாதி.

70 கிலோ ஆளின் சூட்டை 2 பாகை இறக்க ஏறக்குறைய 116 கிலோகலோரி வெளியே போகவேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக எடுப்பது 80, உருகின தண்ணீர் தோலின் சூட்டுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம், ஆகவே ஒன்று, ஒன்றரைக் கிலோ ஐஸ் முழுக்க உடம்பிலிருந்தே சூட்டை எடுத்து உருகவேண்டும் (நடக்காது, பாதியை அறைக் காற்று உருக்கிவிடும்). ஆனால் ஒரு லீட்டர் தண்ணீர் தோலில் இருந்து ஆவியாகப் போனால் 580 கிலோகலோரியைக் கொண்டுபோகும். கணக்குப் பாருங்கள், 200 மில்லி போதும், ஒரு பிளேன்டீக் கோப்பை! இதற்கிடையில் படுத்துக்கிடக்கிற ஆளே மணிக்கு 70 கிலோகலோரி மாதிரி உண்டாக்கிக்கொண்டு இருப்பார், காய்ச்சலில் அதைவிடக் கூட.

அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிட்டு ஃபேன் போடுவது ஐஸைவிட மோசம் இல்லை, தோலும் சுருங்காது. ஆனால் கொழும்பில் ஒரு சிக்கல். இங்கே காற்றில் ஈரம் 80 சதவீதத்தைச் சுற்றி நிற்கும், ஏசி இல்லாத வார்ட்டில் நனைத்த துவாய் நனைந்தபடியே கிடக்கும், வெள்ளவத்தையில் மழை நாளில் பல்கனியில் போட்ட சாரம் காய்கிற வேகம்தான். ஐசியூவில் ஏசி ஈரத்தை எடுத்துவிடுவதால் அங்கே அதே துவாய் நன்றாக வேலை செய்யும்.

இரவு டியூட்டி

@ஏசி பாஸ் கணக்கு சரி தம்பி, ஆனால் ஐசியூவில் நாலு லைன் (இரத்தக் குழாயில் ஏற்றிய குழாய்), இரண்டு வடிகுழாய், வென்டிலேட்டர் குழாய், ஈசிஜி ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டின ஆளை நனைத்து ஃபேன் போட்டுப் பாருங்கள், ஸ்டிக்கர் கழன்று எல்லா அலாரமும் அடிக்கும். பெரிய ஃபேன் காற்றோடு கிருமியையும் அடுத்த கட்டிலுக்கு அனுப்பும் என்று எங்கள் கிருமித் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் கத்துவார். இதனால்தான் காசு உள்ள இடங்களில் தண்ணீர் ஓடும் மெத்தையும், தோலில் ஒட்டிக் குளிராக்கும் ஜெல் அட்டையும்.

கொட்டாஞ்சேனை மருமகள்

எல்லோரும் "விட்டுவிடலாம்" என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போன வருடம் மாமிக்கு மூளையில் இரத்தக் கசிவு. ஐசியூவில் 5 நாள் நெஞ்சிலும் தொடையிலும் ஜெல் அட்டை ஒட்டி 37.5ஐத் தாண்டவே விடவில்லை, 37.8 ஆனாலே ஓடி வருவார்கள். அந்த டொக்டர் "காய்ச்சல் மூளைக்கு எதிரி" என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படி இருக்க 39.2இல் ஒருவரைச் சும்மா படுக்கவைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். பெண்பிள்ளை கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும், அடுத்த கட்டிலுக்கு ஓடுவது பதில் இல்லை.

அரைத்தூக்க டொக்டர்

@கொட்டாஞ்சேனை மருமகள் பதில் சொல்லவேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான், இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் இந்தப் பெண் இங்கே வந்து எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

மாமிக்குச் செய்ததும் சரிதான், அங்கே அடிபட்டது மூளை. அடிபட்ட மூளைக்குச் சூடு கூடினால் அழுத்தமும் கூடும், தாங்காது, ஆகவே பக்கவாதம், தலைக்காயம், மாரடைத்து நின்று திரும்பி வந்தவர்கள், இவர்களிடம் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். அங்கேயும் எண்ணம் மாறிக்கொண்டுதான் வருகிறது. 2002இல் இதயம் நின்றவர்களை 33 பாகை வரை குளிரவைத்தால் நல்லது என்று இரண்டு ஆய்வுகள் வந்து உலகமே அதைச் செய்தது, 2021இல் 1,900 பேர் அளவில் செய்த பெரிய ஆய்வில் 33க்கும், வெறுமனே 37.5க்கு மேல் விடாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தது. 2024இல் மூளை இரத்தக்குழாய் பாதிப்புள்ளவர்களிடம் நீங்கள் சொன்ன ஜெல் அட்டை வகையை வைத்தே பார்த்தார்கள், காய்ச்சல் நன்றாகக் குறைந்தது, ஆட்கள் குணமான அளவில் வித்தியாசம் காணவில்லை. ஆனாலும் மூளை என்றால் நான் இன்றைக்கும் இறக்கத்தான் செய்வேன்.

நியூமோனியா வேறு. அங்கே காய்ச்சல் ஒரு செய்தியும்கூட. அன்டிபயோட்டிக் வேலை செய்கிறதா, லைனில் புதிதாகக் கிருமி பிடித்ததா என்று அந்தக் கோடு சொல்லும். ஐஸ் வைத்து 37இல் பிடித்து வைத்திருந்தால் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. டயலிசிஸ் மெஷின் தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு இரத்தம் வெளியே சுற்றிக் குளிர்ந்து காய்ச்சலே மறைந்துபோய் நாங்கள் ஏமாந்த நாட்களும் உண்டு.

சொக்ஸ் விஷயத்தில் அம்மா வென்றார். குளிர்கிறது என்று மூளைக்குப் போகிற செய்தியில் ஒரு பங்கு தோலில் இருந்து, அதிலும் கை, கால், முகம். அதனால் உடம்பைக் குளிரவைக்கும்போதே கையையும் காலையும் சூடாக வைத்து நடுக்கத்தை அடக்குவது ஐசியூவில் உண்மையாகச் செய்கிற ஒரு வேலை, வெப்பக் காற்று ஊதும் போர்வைகூட இருக்கிறது. மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், நோர்அட்ரினலினில் இருப்பவருடைய விரல்களைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கவேண்டும், இறுக்கமானது வேண்டாம்.

பொரளைப் பொடியன்

சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இது டெங்கு சீசன், இந்த இழையைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் காய்ச்சலை இறக்க இபுபுரூஃபன், டிக்லோஃபெனக், அஸ்பிரின் என்று இறங்கவேண்டாம். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. இரண்டு நாளைக்கு மேல் போனால் இரத்தம் பாருங்கள்.

வெள்ளவத்தைக் கடற்காற்று

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக இரவு டியூட்டி அக்காவுக்கும் டொக்டருக்கும். நேற்று ஞாயிறு, பெரிய டொக்டர் இல்லை, டியூட்டியில் நின்ற சின்ன டொக்டரைப் பிடித்து, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். "நோர்அட்ரினலின் எவ்வளவில் இருக்கிறது, சூடு எங்கே அளக்கிறீர்கள்" என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நீங்கள் மெடிக்கலா என்றார். இல்லை, வங்கி என்றேன்.

வியாழன் இரவே பிரஷர் மருந்து பாதிக்குக் கீழே வந்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் மயக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள், குறைத்தவுடன் அப்பா நடுங்கியிருக்கிறார், அதனால் ஐஸை எடுத்திருக்கிறார்கள். 39.2 சிறுநீர்க் குழாய் சென்சரில் அளந்தது, புதன்கிழமை நான் பார்த்த 37.1உம் அதிலேதானாம், ஆகவே டொக்டரின் சந்தேகம் மட்டும் பிழை. சனிக்கிழமை கல்ச்சர் ரிப்போட் (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை) வந்து அன்டிபயோட்டிக்கை மாற்றியிருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் 38.1, ஒன்றும் வைக்காமல்.

சொக்ஸுக்கு மிஸ் சரி என்றார், தளர்வானதாகக் கொண்டுவாருங்கள், நாங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழற்றி விரலைப் பார்ப்போம் என்றார். அம்மா காலி வீதியில் நாலு கடை ஏறி இறங்கி இரண்டு சோடி வாங்கிக்கொண்டு வந்தார், ஒன்று சாம்பல், ஒன்று நீலம். சாம்பலைப் போட்டிருக்கிறது. நீலம் அப்பா எழும்பி இருந்து கேட்கும்போது கொடுக்கவாம். படத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்து ஆறு மணித்தியாலம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை.